இத்தா முடிவதற்குள் முடிந்துவிடும் கெடு: குடும்பத் தலைவர் வஃபாத்தானால் வண்டியின் ஆர்.சி.யை மாற்றுவது எப்படி?



ஒரு வீட்டில் மவ்த் நடந்தால் வீடு, வங்கிக் கணக்கு, பென்ஷன் ஆகியவற்றைப் பற்றி நாலு பேர் யோசனை சொல்வார்கள். வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாவி ஆணியில் தொங்குகிறது, மகனுக்கு ஓட்டத் தெரியும், பெட்ரோல் போட்டால் ஓடுகிறது. எனவே வாப்பாவின் வண்டி மகனின் வண்டியாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆர்.சி.யில் மர்ஹூமின் பெயர் அப்படியே இருக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து வண்டியை விற்கப் போகும்போதோ, விபத்து நடந்த பிறகோதான் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறார்கள்.

இதில் நம் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கணவரை இழந்த பெண்ணுக்கு இத்தா நான்கு மாதம் பத்து நாள், அதாவது ஏறக்குறைய 128 நாள். ஆர்.சி. பெயர் மாற்றத்துக்குச் சட்டம் தரும் காலம் மூன்று மாதம். அதற்கும் முன்னதாக 30 நாளுக்குள் ஒரு தகவல் கொடுத்தாக வேண்டும். ஆக, இத்தா முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால் எல்லாக் கெடுவும் தாண்டியிருக்கும். இந்த வேலை இத்தா காலத்திலேயே நடக்க வேண்டியது. வீட்டிலுள்ள மகனோ, சகோதரரோ, மருமகனோ முதல் வாரத்திலேயே பொறுப்பை எடுத்துக்கொண்டால் அந்தச் சகோதரி வீட்டை விட்டு வெளியே வராமலேயே பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஏன் இந்த அவசரம்?

முதல் காரணம் இன்சூரன்ஸ். பாலிசி எடுத்தவர் இறந்தால் அன்றே அது செத்துப்போவதில்லை. நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் உள்ள நிபந்தனைப்படி, இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் தேதி வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை அது செல்லும். அதற்குள் வாரிசுதாரர் மரணச் சான்றிதழோடும் வண்டியின் மீது தமக்குள்ள உரிமைக்கான ஆவணத்தோடும் விண்ணப்பித்துப் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் மர்ஹூமின் பெயரிலேயே ஆன்லைனில் வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிப்பவர்கள் பலர். பணம் போகும், விபத்து நடந்து இழப்பீடு கேட்கும்போது உயிரோடு இல்லாத ஒருவர் பெயரில் எடுத்த பாலிசி என்ற கேள்வி எழும்.

இரண்டாவது, ஓட்டுகிறவரின் உயிர். பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கென்று 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உண்டு. அது ஆர்.சி.யில் பெயர் உள்ள, லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளருக்கு மட்டுமே. மகன் வாப்பாவின் வண்டியில் போய்த் தானாகச் சறுக்கி விழுந்து இறந்தால் அந்தக் காப்பு அவனுக்குச் சேராது. பிறருடைய வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்றும், அதே வண்டியின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் அவர் தமக்கே இழப்பீடு கேட்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2009-லும் 2020-லும் சொல்லியிருக்கிறது. ஆர்.சி.யும் பாலிசியும் மகன் பெயரில் இருந்தால், அல்லாஹ் காப்பாற்றுவானாக, அப்படி ஒன்று நேர்ந்தாலும் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம் இருக்கும். மர்ஹூமே தம் சொந்த வண்டியை ஓட்டும்போது விபத்தில் இறந்திருந்தால், அவருடைய பாலிசியில் இந்த 15 லட்சம் இருக்கிறதா என்று வாரிசுதாரர்கள் பார்த்து உடனே கேட்க வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது.

மூன்றாவது, பொறுப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்றால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான். 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இதைத் தெளிவாக்கியது. 2007-ல் ஒருவர் தம் காரை விற்றார். அது கைமாறிக் கைமாறிப் போனது, ஆர்.சி.யில் பெயரை யாரும் மாற்றவில்லை. 2009-ல் விபத்து. இழப்பீட்டைக் கட்ட வேண்டியவர் ஆர்.சி.யில் பெயருள்ள முதல் உரிமையாளரே என்று நீதிமன்றம் சொன்னது. விபத்தில் அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே அதற்குக் காரணம். மர்ஹூமின் பெயரிலேயே வண்டியை வைத்திருந்து, அது வேறு யாரிடமோ போய் ஒரு குற்றத்தில் சிக்கினால் போலீஸ் வந்து நிற்பதும் அந்த வீட்டு வாசலில்தான்.

முதல் 30 நாள்: ஒரு கடிதம்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 56-ஆம் விதி இதைச் சொல்கிறது. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள், வண்டியைத் தம் வசம் எடுத்துக்கொள்ளும் வாரிசு, பதிவு செய்யும் அலுவலகத்துக்கு இரண்டு செய்திகளைத் தெரிவிக்க வேண்டும்: உரிமையாளர் இறந்துவிட்டார், வண்டியை நான் பயன்படுத்தப் போகிறேன். இப்படித் தெரிவித்தால், மூன்று மாதம் வரை அது தமக்கு மாற்றப்பட்ட வண்டி போலவே அவர் பயன்படுத்தலாம்.

ஒரு பக்கக் கடிதம் போதும். வண்டி எண், மர்ஹூமின் பெயர், இறந்த தேதி, எழுதுபவரின் பெயர், முகவரி, உறவுமுறை, மரணச் சான்றிதழின் நகல் ஆகியவற்றைச் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த அலுவலகம்? மயிலாப்பூர், மந்தைவெளிக் குடும்பங்களுக்கு மந்தைவெளி அலுவலகம் (டி.என். 06), அடையாறு, திருவான்மியூர்ப் பக்கம் திருவான்மியூர் (டி.என். 07), தி.நகர், மாம்பலத்துக்கு கே.கே. நகர் (டி.என். 09) என்பது பொதுவான கணக்கு. பரிவாகன் தளத்தில் உங்கள் பின்கோடைக் கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டால் அலைச்சல் மிஞ்சும்.

மூன்று மாதத்துக்குள்: படிவம் 31

விற்பனைக்குரிய படிவங்கள் 29-ம் 30-ம். இறப்பினால் வரும் மாற்றத்துக்கு உரியது படிவம் 31. பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, படிவத்தை அச்செடுத்து அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். மத்திய விதிகளின்படி பெயர் மாற்றக் கட்டணம் இருசக்கர வண்டிக்கு 150 ரூபாய், சொந்த உபயோகக் காருக்கு 300 ரூபாய். ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணங்கள் தனி. எவ்வளவு என்பதைத் தளமே காட்டும். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள்.

கூட வைக்க வேண்டியவை:

1. அசல் ஆர்.சி.
2. மரணச் சான்றிதழ். சென்னையில் இதை மாநகராட்சி வழங்குகிறது.
3. வாரிசுச் சான்றிதழ். வழங்குபவர் தாசில்தார். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.
4. மற்ற வாரிசுகள் எல்லோரும், இன்னார் பெயருக்கு மாற்ற எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி முன்னிலையில்.
5. நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ்.
6. பெயர் மாற்றிக்கொள்பவரின் முகவரிச் சான்று, பான் அட்டை. பான் இல்லையென்றால் படிவம் 60.
7. வண்டி கடனில் வாங்கியதாக இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதம். கடன் முடிந்திருந்தால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும்.

இவற்றில் நாள் பிடிப்பது வாரிசுச் சான்றிதழ். வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்துதான் வரும். ஆகவே மரணச் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஜமாஅத் தரும் கடிதம் அந்த விசாரணைக்குத் துணையாக இருக்கும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அது வாரிசுச் சான்றிதழுக்கு ஈடாகாது. மர்ஹூமுக்கு இரண்டு குடும்பம் இருந்தால் இரு தரப்பின் பெயர்களையும் மறைக்காமல் கொடுங்கள். மறைத்து வாங்கிய சான்றிதழ் பின்னால் நீதிமன்றத்துக்கு இழுக்கும். ஆகிரத்துக் கணக்கு வேறு இருக்கிறது.

ஆர்.சி. காணவில்லையா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளில் பெட்டியோடு போன காகிதங்கள் எத்தனையோ. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் காணாமல் போன ஆவணங்களுக்கான அறிக்கையைப் பதிவு செய்து, அதோடு படிவம் 26 மூலம் மாற்று ஆர்.சி. கேட்கலாம். உரிமையாளர் உயிரோடு இல்லாதபோது இதையும் பெயர் மாற்றத்தையும் எந்த வரிசையில் செய்வது என்று முதலில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் ஆர்.சி.யும் லைசென்ஸும் விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வருகின்றன. விண்ணப்பத்தில் முகவரியும் செல்போன் எண்ணும் தப்பாக இருந்தால் தபால் திரும்பிப் போய்விடும். வாடகை வீடு மாறியவர்கள் கவனிக்க.

பெயரில் ஓர் எழுத்து

நம் மக்களின் விண்ணப்பங்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். ஆர்.சி.யில் ஆங்கிலத்தில் முகமது, ஆதாரில் முஹம்மத், மரணச் சான்றிதழில் சுருக்கி எம்.டி. என்று மூன்று விதம். செய்யதும் சையதும், அப்துல் காதரும் அப்துல் காதிரும் அப்படியே. நமக்கு ஒரே ஆள்; கணினிக்கு மூன்று ஆள்.

மரணத்தைப் பதிவு செய்யும் நேரத்திலேயே மர்ஹூமின் ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அதன்படி எழுதச் சொல்லுங்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்காரரிடம் இதை விடாமல் ஜமாஅத் இளைஞர் ஒருவர் செய்வது நல்லது. ஏற்கெனவே வித்தியாசம் இருந்தால் மரணச் சான்றிதழில் திருத்தம் கேட்கலாம். அல்லது இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம்.

இத்தாவில் இருக்கும் சகோதரிக்கு

கடிதத்தை மகன் அனுப்பலாம். ஆன்லைன் விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே செய்யலாம். ஆட்சேபனையில்லாப் பத்திரத்தில் கையெழுத்திட நோட்டரியை வீட்டுக்கே அழைத்து வரலாம். வருவாய் ஆய்வாளர் விசாரணைக்கு வரும்போது வீட்டில் ஒரு பொறுப்பான ஆணும் உடன் இருக்கட்டும். பிள்ளைகள் சிறியவர்கள், வண்டியை அந்தச் சகோதரியின் பெயருக்கே மாற்ற வேண்டும் என்றால், தம் சகோதரரையோ நெருங்கிய உறவினரையோ அலைய விடலாம். அவர்தான் நேரில் போயாக வேண்டும் என்ற நிலை வந்தால், அவசியத் தேவைக்காகப் பகலில் வெளியே சென்று வர மார்க்கத்தில் இடம் உண்டு. அதன் எல்லை என்ன என்பதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆர்.சி. மாறினால் பங்கு மாறாது

ஆர்.சி.யில் மூத்த மகன் பெயர் வந்துவிட்டால் வண்டி அவனுடையது என்றே வீட்டில் பேசுவார்கள். சாலையில் போலீசுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அது சரி. ஷரீஅத்தின் கணக்கில் வண்டி மர்ஹூம் விட்டுச் சென்ற சொத்தில் ஒன்று. அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை போக மீதியில் எல்லா வாரிசுகளுக்கும் ஹக்கு உண்டு. வண்டிக் கடன் பாக்கியிருந்தால் அதுவும் மர்ஹூமின் கடனே.

ஓர் உதாரணம். வண்டியின் இன்றைய விலை 48,000 ரூபாய். மர்ஹூமின் பெற்றோர் இல்லை. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு: 6,000. மீதி 42,000. மகனுக்கு இரண்டு பங்கு, மகள்களுக்கு ஒவ்வொரு பங்கு என்று நான்காகப் பிரித்தால் மகனுக்கு 21,000, மகள்களுக்கு ஆளுக்கு 10,500. வண்டியை மகன் எடுத்துக்கொண்டால் 27,000 ரூபாய் மற்ற மூவருக்கும் சேர வேண்டியது. அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். கூச்சத்தில் பேசாமலிருப்பதை விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆட்சேபனை இல்லை என்று அவர்கள் இடும் கையெழுத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கானது, பங்கை விட்டுக்கொடுத்த கையெழுத்தாக அதைக் கொள்ள வேண்டாம். தனியாக ஒரு தாளில், யாருக்கு எவ்வளவு, எப்போது என்று எழுதி இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். வாரிசுகளில் பருவம் அடையாத பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பங்கு எத்தீமின் சொத்து. அதைத் தொடுவது எவ்வளவு கடுமையானது என்று சொல்லத் தேவையில்லை.

ஆட்டோ ஓட்டும் குடும்பங்களுக்கு

ஆட்டோவோ, டாக்ஸியோ, சரக்கு வண்டியோ என்றால் ஆர்.சி. மட்டும் மாறினால் போதாது. பர்மிட்டும் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 82-ஆம் பிரிவின்படி இதற்கும் அதே 30 நாள், அதே மூன்று மாதம். 30 நாளுக்குள் தகவல் கொடுத்தால், பர்மிட்டின் காலம் அதற்குமுன் முடியாத பட்சத்தில், மூன்று மாதம் ஓட்டலாம். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் சோறு நிற்கும் வீடுகளில் இந்த ஒரு கடிதத்தின் மதிப்பு பெரிது.

கெடு தாண்டிவிட்டால்?

அப்போதும் விண்ணப்பிக்கலாம். தாமதத்துக்குப் பணம் கட்ட நேரிடும், விளக்கம் கேட்பார்கள். அவ்வளவுதான். அதுவரை வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள். பதிவாகி 15 வருடம் ஆன சொந்த வண்டி என்றால் பதிவையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். நிலுவையில் உள்ள டிராஃபிக் அபராதங்களையும் கட்டிவிடுங்கள்.

ஒரு வழியை மட்டும் நாடாதீர்கள். மர்ஹூம் உயிரோடு இருந்தபோதே விற்றதுபோல் முன் தேதியிட்டு, 29, 30 படிவங்களில் அவர் கையெழுத்தைப் போட்டு முடித்துத் தருவதாகச் சில புரோக்கர்கள் சொல்வார்கள். அது பொய்க் கையெழுத்து, கிரிமினல் குற்றம். மரணச் சான்றிதழில் தேதி இருக்கிறது, மாட்டிக்கொள்வது விற்ற குடும்பம். இறந்துபோன தகப்பன் பெயரில் பொய் எழுதுவதற்கு நாளை அல்லாஹ்விடம் என்ன பதில்?

ஹயாத்தில் இருக்கும்போதே

வீட்டுத் தலைவர்கள் இன்றே செய்து வைக்கக்கூடியவை நான்கு.

நாமினி: 2021-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி ஆர்.சி.யில் நாமினி பெயரைச் சேர்க்கலாம். வண்டி வாங்கும்போது சேர்க்காதவர்கள் பிறகு ஆன்லைனில் சேர்க்கலாம். நாமினிக்கும் 30 நாளில் தகவல், மூன்று மாதத்தில் படிவம் 31 என்பது அப்படியே. வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் பாடு குறையும். நம் மார்க்கத்தில் நாமினி என்பவர் அமானிதம் காப்பவர். மற்றவர் பங்கு அதனால் போகாது.

கடன் பதிவு: கடனைக் கட்டி முடித்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்காமல் விட்டிருந்தால், படிவம் 35 கொடுத்து இப்போதே நீக்குங்கள்.

செல்போன்: வண்டியோடு இணைந்த எண் இன்றும் உங்களிடம் உள்ள எண்தானா என்று பாருங்கள். ஓ.டி.பி. அங்கேதான் வரும்.

விற்ற வண்டி: விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29 மூலம் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30 கொடுக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவது ஆபத்து. பழைய வண்டி வியாபாரியிடம் விட்டால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று கேட்டு, வண்டியை ஒப்படைத்த தகவலைப் படிவம் 29சி வழியாகப் பதிவு செய்யுங்கள். இல்லையேல் விற்ற வண்டியின் சுமையும் ஒரு நாள் உங்கள் பிள்ளைகள் தலையில் விழும்.

மர்ஹூமுக்காக நாம் துஆ செய்கிறோம், ஸதகா கொடுக்கிறோம். அவர் பெயரில் ஓடும் வண்டியால் அவர் வீட்டாருக்கு வம்பு வராமல் பார்ப்பதும் அவருக்குச் செய்யும் கடமைகளில் சேரும். படிவம் நிரப்பவும் ஆன்லைனில் பதியவும் உதவி தேவைப்படுவோர் மஃரிப் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். கட்டணம் எதுவும் இல்லை. இத்தாவில் இருப்பவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரை அனுப்பினால் போதும். தேவையான தாள்களை நாங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்